மாதா மாதம் துடிக்கும் வலியா? மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள்!



"ஐயா, அடிவயிறு தாங்க முடியல. ரெண்டு மாத்திரை குடுங்க." மேருப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு சகோதரி, மாதந்தோறும் பிரட்டுக்கு முன்பே என்னிடம் வந்து நிற்பார். நானும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவேன். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளையில்லை. ஊர்ப் பேச்சு வேறு. பிறகு கிள்ளான் பெரியாஸ்பத்திரியில் சோதித்தபோதுதான் 'எண்டோமெட்ரியோசிஸ்' என்று தெரிந்தது. முன்னமே அனுப்பாதது என் தவறு.

இது என்ன நோய்?

கருப்பையின் உள்ளே இருக்கும் சவ்வு மாதா மாதம் உதிர்ந்து வெளியேறுகிறது. சிலருக்கு அதே மாதிரி சவ்வு சினைப்பையிலும், குடலை ஒட்டியும் வளர்கிறது. அதிலும் இரத்தம் கசியும். ஆனால் வெளியேற வழியில்லை. அங்கேயே தங்கி, வீங்கி, தழும்பாகி உறுப்புகளை ஒட்டவைக்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100க்கு சுமார் 10 பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடல் சூடோ செய்வினையோ காரணமல்ல. தொற்று நோயுமல்ல.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

1. வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாத அளவு தீட்டு வலி.
2. அந்த நாட்களில் மலஜலம் கழிக்கும்போது வலி.
3. கணவனோடு சேரும்போது வலி.
4. ஒரு வருடம் முயன்றும் பிள்ளை தங்காமை.

சிகிச்சை என்ன?

அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கி வைக்கலாம். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே போடுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. சவ்வின் வளர்ச்சியைக் குறைக்க ஹார்மோன் மாத்திரை உண்டு. பிள்ளை வேண்டுமென்றால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் சிறு துளை போட்டு ஆபரேஷன் செய்வார்கள். ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. வலி தொடர்ந்தால் மறுபடியும் போங்கள்.

சம்பளம் போய்விடுமா?

போகாது. டாக்டர் எம்.சி. கொடுத்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 2 வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடம் 14 நாள், 5 வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

மாமியார்மார்களே, கணவன்மார்களே! "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே" என்று சொல்லாதீர்கள். கூடவே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். அந்தச் சகோதரி சிகிச்சை பெற்று, இன்று வலி தணிந்து வேலைக்கு வருகிறார்.