ஓடும் சைக்கிளில் ஹாண்டில்பார் ஒடிந்தது! மிச்சக் கம்பியைப் பிடித்தபடி ஓட்டி முடித்த வீரர்

பந்தயத்தில் பறந்துகொண்டிருந்த சைக்கிளின் ஹாண்டில்பார் திடீரென்று ஒடிந்து தொங்கியது. ஓட்டியவர் விழவில்லை. மிச்சக் கம்பியைப் பிடித்தபடியே ஓட்டி முடித்தார்.

பெல்ஜியம் நாட்டில் 2021-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி இந்தச் சம்பவம் நடந்தது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

"ல சாமின்" என்ற பந்தயம். கருங்கல் பாவிய கரடுமுரடான ரோடு. நெதர்லாந்து வீரர் மாத்தியூ வான் டெர் பூல் அதில் கலந்துகொண்டார். ஆள் லேசுப்பட்டவர் அல்ல. மலைச் சைக்கிளில் 2019-ம் ஆண்டு ஐரோப்பிய சாம்பியன்!

கடைசிக் கட்டத்தில் ஹாண்டில்பாரின் ஒரு பக்கம் ஒடிந்து ஊசலாடியது. அப்படியும் அவர் ஒதுங்கவில்லை. அவருடைய அணியைச் சேர்ந்த டிம் மெர்லியர் முதலிடம் பிடித்தார்.

ஒடிந்தது எடை குறைந்த கார்பன் பார். அந்த மாடலை வாங்கியவர்கள் தற்காலிகமாக ஓட்ட வேண்டாம் என்று 2021-ல் கம்பெனியே சொன்னது.

80 கிராமுக்கு இத்தனை பாடா?

மலைச் சைக்கிளுக்கு அலுமினிய பார் சுமார் 300 கிராம். கார்பன் என்றால் சுமார் 220. மிச்சம் 80 கிராம், ஒரு சின்ன வாழைப்பழம்! விலையோ பல மடங்கு.

அதற்காக கார்பன் எல்லாம் சொத்தை என்று அர்த்தமில்லை. நல்ல சரக்கு நன்றாகவே உழைக்கும். ரோட்டின் அதிர்வையும் கொஞ்சம் அடக்கும். ஆனால் பலமாக அடிபட்டால் விரிசல் உள்ளேயே ஒளிந்திருக்கும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும்.

அலுமினியம் பெரும்பாலும் வளைந்து காட்டிக் கொடுத்துவிடும். அதற்கும் ஆயுள் உண்டு. குலுங்கிக் குலுங்கி உலோகம் சோர்ந்து போகும். வளைந்த பாரை நிமிர்த்தி மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. தூக்கிப் போட வேண்டியதுதான்.

கரடுமுரடில் ஓட்டுகிற, அடிக்கடி விழுகிற ஆளுக்கு அலுமினியமே போதும்.

கடையில் பார்க்க வேண்டியது

ஐ.எஸ்.ஓ. 4210 சோதனையில் தேறிய பாரா என்று கேட்க வேண்டும். அந்தச் சோதனையில் பாரை லட்சம் தடவைக்கு மேல் அழுத்தி இழுத்துப் பார்ப்பார்கள். நடுப்பகுதியின் தடிமன் 31.8 மில்லிமீட்டரா, 35-ஆ? ஸ்டெம்முக்குப் பொருந்தாவிட்டால் காசு தண்டம். அகலம் 800 மில்லிமீட்டர் இருந்தால் அறுத்துக் குறைத்துக்கொள்ளலாம். குட்டையாக வாங்கிவிட்டால் ஒட்டவைக்க முடியாது.

நல்ல பாரையும் கெடுப்பது போல்ட்டைக் கண்டபடி முறுக்குவதுதான். எவ்வளவு முறுக்கலாம் என்று ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும். பலவற்றில் 5 நியூட்டன் மீட்டர். அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் கார்பன் பாரைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

வான் டெர் பூல் என்ன ஆனார்? நாலாவது நாளே இத்தாலியில், மண் ரோட்டில் நடக்கும் "ஸ்ட்ராடே பியான்கே" பந்தயத்தில் ஜெயித்தார்!