குவைத்தில் 26, துபாயில் 30

குவைத்தின் அப்பாசியாவில் அறை எடுத்து வாழும் எம்மவர் பலருக்குக் கடைசியில் கையில் கிடைக்கும் ஒரே பெரிய தொகை, சேவை முடிவுப் பணம். அதை இப்போது கணக்காளர் கணக்குப் பார்ப்பதில்லை. ஈ.ஆர்.பி. எனப்படும் நிறுவன மென்பொருள் பார்க்கிறது. நாங்கள் பொத்தானை அமுக்குகிறோம், அவ்வளவுதான்.

வளைகுடா நாடுகள் ஆறுக்கும் கணக்கு வேலை ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் குவைத் தினாருக்குத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம், திர்ஹமுக்கு இரண்டு. எமிரேட்ஸிலும் சவூதியிலும் 2018 ஜனவரியில் 5 வீத வற் வரி வந்தது. சவூதி 2020 ஜூலையில் அதை 15 ஆக்கியது. குவைத்தில் வற் வரியே இல்லை.

மென்பொருள் விற்பவர்கள் இதற்குச் செய்யும் சுருக்கு வழி, துபாய்க்குச் செய்ததைப் பிரதி எடுத்துக் குவைத்துக்குத் திருத்துவது. எங்கள் வேலைத்தலம் ஒன்றிலும் அப்படித்தான் வந்தது. துபாயில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம். நாட்சம்பளம் காண 30 ஆல் வகுப்பார்கள். குவைத்தில் 15 நாள், 26 ஆல் வகுப்பது வழக்கம். திருத்தியவர் 21 ஐ 15 ஆக்கினார், 30 ஐ மறந்துவிட்டார். 260 தினார் சம்பளக்காரருக்கு ஐந்து வருடத்துக்கு 750 வரவேண்டிய இடத்தில் 650 வந்தது. நூறு தினார்! அவர் கடதாசியில் தானே கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்காவிட்டால் எங்களுக்கும் தெரிந்திராது. திருத்தம் எங்கள் பிரதிக்கு மட்டும்தான் வந்தது. அதே பிரதி வேறு எத்தனை கம்பனியில் ஓடுகிறதோ?

மற்ற வழிக்கு மென்பொருள் உற்பத்தி வரிசை என்று பெயர். எது எல்லோருக்கும் பொது, எது நாட்டுக்கு நாடு மாறும் என்பதை முதலிலேயே பிரித்து எழுதுவார்கள். பொதுப்பகுதி ஒருமுறைதான் கட்டப்படும். மாறும் இடங்களை வெறுமையாக விட்டு, நாட்டுக்கேற்ற துண்டைப் பொருத்துவார்கள். 1990 இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வெளியான ஒரு முறை, இவற்றை மரம்போல் வரைந்து, எது எதோடு சேரவேண்டும், எது சேரக்கூடாது என்ற விதிகளையும் எழுதச் சொன்னது. 'குவைத்' என்று தெரிந்தால் 15 உம் 26 உம் சேர்ந்தே வரவேண்டும் என்பது அப்படி ஒரு விதி. அந்த விதி இருந்தால் 30 உள்ளே நுழையாது. பிழை ஏதும் பொதுப்பகுதியில் இருந்தாலும், ஒருமுறை திருத்தினால் எல்லா நாட்டுக்கும் போய்ச்சேரும். தொடக்கச் செலவு அதிகம். சிறு கம்பனிகள் தயங்குவது அதனால்தான்.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தானாக விலகுபவருக்குப் பணத்தைக் குறைக்கும் விதியை எமிரேட்ஸ் 2022 இல் எடுத்துவிட்டது. குவைத்தில் அது இருக்கிறது: மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் விலகினால் பாதி, பத்துக்குள் மூன்றில் இரண்டு.

கையொப்பம் வைக்கமுன் உங்கள் மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்குங்கள். முதல் ஐந்து வருடத்தில் ஒரு வருடத்துக்கு அவ்வளவு. அதன்பின் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தம் ஒன்றரை வருடச் சம்பளம்வரை. நாங்கள் தரும் தாளில் வேறு தொகை இருந்தால், எதனால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.