கணிப்பு பலித்தது, காசு வரவில்லை

2000 ஜூலையில் டொரண்டோ பங்குச் சந்தையில், தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் கனடா நிறுவனமான நார்ட்டெல் நெட்வொர்க்ஸின் பங்கு 124 கனடா டாலரைத் தாண்டியது. சந்தைக் குறியீட்டில் 300 நிறுவனங்கள் இருந்தன; அவற்றின் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் இந்த ஒன்றுதான். இரண்டே ஆண்டுகளில் அதே பங்கு ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

இதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் பேராசையில் வாங்கியவர்கள் அல்ல. கனடாவின் பழைய தொலைபேசி நிறுவனமான பெல்லின் தாய்க் கம்பெனி பிசிஇ, தன்னிடமிருந்த நார்ட்டெல் பங்குகளில் பெரும்பகுதியை 2000 மே மாதம் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. பிசிஇ பங்கு, டிவிடெண்டை நம்பி ஓய்வுபெற்றவர்கள் வாங்கிவைக்கும் சாதுவான பங்கு. கேட்காமலேயே அவர்கள் கைக்கு நார்ட்டெல் வந்து சேர்ந்தது. குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளில் பணம் போட்டவர்களும் தெரியாமலேயே அதில் பங்காளிகள்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் கருவிகள் செய்துவந்த நார்ட்டெல், டேட்டா நெட்வொர்க்கிங்கில் சிஸ்கோவோடு மோத 1998 இல் பே நெட்வொர்க்ஸைச் சுமார் 900 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கி, பெயரிலும் ‘நெட்வொர்க்ஸ்’ சேர்த்துக்கொண்டது. இணையம் பெருகப் பெருகக் கண்ணாடி இழைக் கருவிகளுக்குக் கிராக்கி கூடியது. ஆனால் வாங்கியவர்களில் பலர் கடனில் ஓடிக்கொண்டிருந்த புதுத் தொலைத்தொடர்புக் கம்பெனிகள். சிலருக்குச் சரக்கு வாங்கக் கடன் கொடுத்ததே நார்ட்டெல்தான். அவர்கள் படுத்ததும் இதுவும் படுத்தது. 2001 பிப்ரவரியில் வருமானக் கணிப்பை நிர்வாகம் வெட்டியபோது பங்கு ஒரே நாளில் நொறுங்கியது.

அதன் பிறகுதான் சிறு முதலீட்டாளர்களின் நீண்ட விவாதம் தொடங்குகிறது. “இதுக்கு மேல எங்க இறங்கப்போகுது?” என்பார் ஒருவர். “இந்த விலையில வாங்கி ஆவரேஜ் பண்ணுங்க” என்பார் இன்னொருவர். விவரம் தெரிந்தவர் வேறு வாதம் வைப்பார்: “பேட்டன்டை மட்டும் வித்தாலே கம்பெனி விலையைவிட அதிகம் வரும்.” எந்த நாட்டுச் சந்தையானாலும் விழுந்த பங்கைச் சுற்றி நடக்கும் பேச்சு இதுதான். பாதிப் பேச்சு பழைய உச்ச விலையைப் பற்றியது. மீதி தொழில்நுட்பத்தைப் பற்றியது. கடன் பத்திரம் வைத்திருப்பவர் யார், அவருக்கு எவ்வளவு பாக்கி என்ற பேச்சு அபூர்வமாகத்தான் வரும்.

நடுவே ஆசை காட்டும் சம்பவங்களும் நடந்தன. 2003 இல் லாபம் திரும்பியது என்றார்கள், விலை ஏறியது, அதிகாரிகளுக்குப் போனஸும் கிடைத்தது. ஆனால் கணக்கில் குளறுபடி என்று 2004 ஏப்ரலில் தலைமை நிர்வாகி ஃபிராங்க் டன் நீக்கப்பட்டார். கணக்குகள் திருத்தி எழுதப்பட்டன. (மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து 2013 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.)

2006 இல் நடந்தது எனக்கு இன்னும் வேடிக்கையாகப் படுகிறது. பங்குதாரர்கள் தொடர்ந்த வழக்குகளுக்குச் சுமார் 240 கோடி டாலரில் சமரசம். அதில் ரொக்கம் 57.5 கோடிதான், மீதியில் பெரும்பகுதி நார்ட்டெல் பங்குகளாகவே தரப்பட்டது! அதே ஆண்டு டிசம்பரில் பத்துப் பங்குகளை ஒன்றாக்கினார்கள். பத்து ஒரு ரூபாய்க் காசைக் கொடுத்து ஒரு பத்து ரூபாய் நோட்டு வாங்குவது போன்ற காரியம் அது. திரையில் விலை இரண்டு டாலரிலிருந்து இருபதுக்குத் தாவியதும் புதிதாகப் பார்த்தவர்களுக்குக் கம்பெனி தேறிவிட்டதாகத் தோன்றியது. பழைய 124 இப்போது 1,240 ஆகிவிட்டதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

2009 ஜனவரி 14. 10.7 கோடி டாலர் வட்டி மறுநாள் கட்ட வேண்டும். கம்பெனியிடம் 240 கோடி டாலர் அளவுக்குக் கையிருப்பு இருந்தது. ஆனாலும் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பணத்தைக் கரைத்துக்கொண்டு போவதைவிட, இருப்பதைக் காப்பாற்றுவது மேல் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அப்போதும் சில காசுகளுக்குப் பங்கு கைமாறிக்கொண்டிருந்தது. “மீண்டு வந்தால் பத்து மடங்கு” என்று வாங்கியவர்களும் உண்டு. ஜூனில் நிர்வாகம் தெளிவாகவே சொல்லிவிட்டது: பிரிவுகளை விற்கிறோம், பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சாது. டொரண்டோ சந்தையிலிருந்து பங்கு நீக்கப்பட்டது.

2011 இல் சுமார் 6,000 பேட்டன்டுகள் ஏலத்துக்கு வந்தன. கூகுள் 90 கோடி டாலரில் தொடங்கியது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி, எரிக்சன் உள்ளிட்ட கூட்டணி 450 கோடி டாலருக்கு எடுத்தது. பேட்டன்டுக்கு மதிப்பிருக்கிறது என்று அன்று வாதாடியவர் சொன்னது சரிதான். சொல்லப்போனால், அவரே எதிர்பார்த்திராத விலை. அவருக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. திவாலான கம்பெனியின் சொத்தைப் பகிரும்போது கடன் கொடுத்தவர்களின் பாக்கி முழுதாகத் தீர்ந்த பிறகே பங்குதாரரின் முறை வரும். இங்கே கடன்காரர்களுக்கே முழுதாகத் தீரவில்லை. மருத்துவக் காரணத்தால் வேலைக்குப் போக முடியாமல் உதவித்தொகையை நம்பியிருந்த முன்னாள் ஊழியர்கள்கூட 2010 முடிவில் அதை இழந்தார்கள்.

விற்றுச் சேர்ந்த சுமார் 730 கோடி டாலரை எந்த நாட்டுக் கடன்காரருக்கு எவ்வளவு தருவது என்று 2014 இல் டொரண்டோ நீதிமன்றமும் அமெரிக்காவின் வில்மிங்டன் நீதிமன்றமும் காணொளி இணைப்பில் ஒரே நேரத்தில் விசாரித்தன. சமரசத்துக்கு 2017 இல்தான் ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் வழக்கறிஞர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் போன கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட 200 கோடி டாலர்.