தோற்கப் போறவருக்கு ஓட்டு போட்டா வேஸ்ட்டா?

"மச்சி, ஜெயிக்க மாட்டார்னு தெரிஞ்சே ஒருத்தருக்கு ஓட்டு போடுறது, அட்டெண்டன்ஸ் எடுக்காத கிளாஸ்ல போய் உட்கார்ற மாதிரி!"

போன வாரம் எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் ரூம்மேட் அடிச்ச டயலாக் இது. சாம்பார் ஆறிப்போற அளவுக்குச் சண்டை. அப்போ என் பக்கம் பேச ஒரு ஆள் கிடைச்சார். ஊர்தான் கொஞ்சம் தூரம்... அலாஸ்கா!

இப்படிக் கற்பனை பண்ணிக்கங்க. வருஷம் 1978. நீங்க அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் காலேஜ் ஸ்டூடன்ட். நவம்பர் குளிர் எலும்பு வரைக்கும் போகுது. மாநில சட்டமன்றத் தேர்தல். அமெரிக்காவில் பெரிய கட்சின்னா ரெண்டே ரெண்டுதான், டெமாக்ரட், ரிபப்ளிகன். ஆனா, உங்க ஊர்ல டிக் ராண்டால்ஃப் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மூணாவதா ஒரு கட்சி பேரைச் சொல்லிக்கிட்டு ஓட்டு கேட்டு வர்றார். ஏற்கெனவே ரிபப்ளிகன் கட்சி சார்பா சட்டமன்றத்தில் இருந்தவர். இப்போ அவர் நிக்கிறது லிபர்டேரியன் கட்சியில்!

அது என்னப்பா கட்சின்னு கேட்கிறீங்களா? 1971-ல் கொலராடோ மாநிலத்தில் ஆரம்பிச்ச கட்சி. 'அடுத்தவனுக்குத் தொந்தரவு பண்ணாத வரைக்கும் என் வாழ்க்கை என்னோடது, என் பர்ஸும் என்னோடது. கவர்ன்மென்ட் கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்.' அவ்வளவுதான் கொள்கை. வருமான வரி வேண்டாம், கட்டாய ராணுவ சேவை வேண்டாம், தனி மனுஷன் விஷயத்தில் போலீஸ் மூக்கை நுழைக்க வேண்டாம். ஒரு பாதி ரிபப்ளிகனுக்குப் பிடிக்கும், மறுபாதி டெமாக்ரட்டுக்குப் பிடிக்கும். முழுசாப் பிடிக்கிறவங்கதான் கம்மி!

அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க? 'சும்மா ஓட்டை வீணாக்காதே'ன்னு பக்கத்து வீட்டு அங்கிள் சொல்றதைக் கேட்பீங்களா?

ஃபேர்பேங்க்ஸ் கேட்கலை. ராண்டால்ஃப் ஜெயிச்சார்! அமெரிக்காவில் மாநில சட்டமன்றத்துக்கு லிபர்டேரியன் கட்சி சார்பா ஜெயிச்சு உள்ளே போன முதல் ஆள் அவர்தான்.

ஒத்தை ஆள் என்ன கிழிக்க முடியும்?

40 பேர் இருக்கிற சபையில் ஒரே ஒருத்தர். ஆனா, மனுஷன் பிடிச்ச பிடி வேற லெவல். 1977-ல்தான் அலாஸ்காவின் வடகோடியில் இருந்து பைப்லைனில் எண்ணெய் ஓட ஆரம்பிச்சிருந்தது. சுமார் 1,300 கிலோமீட்டர் பைப்லைன் பாஸ்! அரசாங்க கஜானாவில் பணம் கொட்டுது. 'இவ்வளவு பணம் வரும்போது ஜனங்க பாக்கெட்ல எதுக்குக் கை வைக்கிறீங்க?'ன்னு கேட்டார். மாநில வருமான வரியை ஒழிக்க ஜன வாக்கெடுப்பு நடத்தணும்னு கையெழுத்து இயக்கத்தை முன்னே நின்னு நடத்தினார். வாக்கெடுப்பு வரைக்கும் போகவே இல்லை. 1980-ல் சட்டமன்றமே வரியைத் தூக்கிடுச்சு!

எண்ணெய்ப் பணம் இல்லைன்னா இது நடந்திருக்குமாங்கிறது நியாயமான கேள்விதான். ஆனா, பணம் வந்தா வரியை எடுக்கலாம்னு ஊரைப் பேச வெச்சது யாரு?

அதே 1980-ல் ராண்டால்ஃபோட கென் ஃபேனிங் என்ற இன்னொரு லிபர்டேரியனும் ஜெயிச்சார். ஜனாதிபதி தேர்தலில் அந்தக் கட்சியின் எட் கிளார்க் நாடு முழுக்க வாங்கினது சுமார் 1 சதவிகிதம். அலாஸ்காவில் மட்டும் 11 சதவிகிதத்துக்கு மேல!

1982-ல் ராண்டால்ஃப் கவர்னர் பதவிக்கே நின்னார். அங்கே கவர்னரை மக்கள்தான் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க, நம்ம முதலமைச்சர் மாதிரி. சுமார் 15 சதவிகிதம் வாங்கித் தோத்துப் போனார். 1984-ல் ஆண்ட்ரே மாரூ ஒரு சீட் பிடிச்சார், 1986-ல் அதுவும் போச்சு. கட்சி சுருங்கிடுச்சு.

ஆனா, அவங்க ஐடியா? அலாஸ்காவில் மாநில வருமான வரி திரும்பி வரவே இல்லை!

"பாத்தியா மச்சி, வேட்பாளர் தோத்தார், ஐடியா ஜெயிச்சது!"ன்னு நான் மெஸ்ஸில் கையைத் தட்டினேன். அந்த சந்தோஷம் அன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான். மிச்சக் கதையைப் படிச்சதும் கொஞ்சம் அடங்கிட்டேன்.

பில் யாருக்கு வந்துச்சு தெரியுமா?

எண்ணெய் எப்பவும் ஒரே மாதிரி ஓடாது. 1988-ல் அந்த பைப்லைனில் ஒரு நாளைக்கு சுமார் 20 லட்சம் பேரல். 2020-களின் தொடக்கத்தில் 5 லட்சத்துக்கும் கீழே. வருமான வரி கிடையாது, மாநில விற்பனை வரியும் கிடையாது. போதாக்குறைக்கு, எண்ணெய்ப் பண நிதியில் இருந்து 1982 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் வருஷா வருஷம் பங்குத் தொகை. முதல் வருஷமே ஆளுக்கு 1,000 டாலர்!

2019-ல் மைக் டன்லீவி கவர்னர். ரிபப்ளிகன். பங்குத் தொகையை முழுசாத் தருவேன்னு சொல்லி ஜெயிச்சவர். எங்கே வெட்டினார்னு நினைக்கிறீங்க? அலாஸ்கா யுனிவர்சிட்டிக்கு மாநிலம் தர்ற பணத்தில் 13 கோடி டாலரை ஒரே கையெழுத்தில் வெட்டினார். கிட்டத்தட்ட 40 சதவிகிதம்! யுனிவர்சிட்டி நிதி நெருக்கடியையே அறிவிச்சது. ஸ்டூடன்ட்ஸ் போராடினாங்க. கடைசியில் மூணு வருஷத்தில் 7 கோடி டாலர் குறைக்கிறதுன்னு முடிஞ்சது.

இதை ராண்டால்ஃப் தலையில் கட்ட முடியாது. 'வரியை மட்டும் எடுத்தீங்க, செலவைக் குறைச்சீங்களா? எண்ணெய்ப் பணத்தில் கவர்ன்மென்ட்டைப் பெருசாக்கினது நாங்களா?'ன்னு ஒரு லிபர்டேரியன் கேட்டா, அதில் நியாயம் இருக்கு. ஆனா, 1980-ல் சந்தோஷமா வரியைத் தூக்கினப்போ பிறக்காத பசங்கதான் 2019-ல் 'அடுத்த செமஸ்டர் நம்ம கோர்ஸ் இருக்குமா?'ன்னு பயந்தாங்க.

2 சதவிகிதத்துக்கு இவ்வளவு மவுசா?

இண்டியானா மாநிலத்தில் ஒரு ரூல் இருக்கு. தேர்தல் வேலைகளைக் கவனிக்கிற மாநிலச் செயலாளர் பதவிக்கு ஒரு கட்சி 2 சதவிகித ஓட்டு வாங்கினா போதும். அடுத்த நாலு வருஷத்துக்கு கையெழுத்து வேட்டைக்கு அலையாமலே வாக்குச்சீட்டில் இடம்! அதனால அங்கே லிபர்டேரியனுக்கு விழுற ஒவ்வொரு ஓட்டும் அடுத்த தேர்தலுக்கான அட்வான்ஸ். 2020-ல் அங்கே கவர்னருக்கு நின்ன டொனால்ட் ரெயின்வாட்டர் 11 சதவிகிதத்துக்கு மேல வாங்கினார். தோல்விதான், ஆனா வேஸ்ட்னு சொல்வீங்களா?

சரி, சின்னக் கட்சி வேட்பாளர் ஒருத்தர் மேல உங்களுக்கு நம்பிக்கை வந்துடுச்சு. நோட்டீஸ் கொடுக்கக் கிளம்புறதுக்கு முன்னாடி அவர்கிட்ட மூணே மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: எதை எடுக்கப் போறீங்க? வரியா, சட்டமா, இலாகாவா? பொதுவா 'சுதந்திரம்'னு சொன்னா விடாதீங்க.

ரெண்டு: அந்தப் பணம் இல்லாட்டி எது நிக்கும்? ரோடா, ஆஸ்பத்திரியா, காலேஜா?

மூணு: இன்னிக்கு வர்ற வருமானம் பாதியாக் குறைஞ்சா உங்க கணக்கு தாங்குமா? இன்ஜினீயரிங் பசங்களுக்கு இது புதுசு இல்லை. பாலம் கட்டும்போது வெயில் நாளுக்கு மட்டுமா லோடு போட்டுப் பார்க்கிறோம்?

நேத்து மெஸ்ஸில் மறுபடியும் ரூம்மேட்கிட்ட உட்கார்ந்தேன். "நீ சொன்னது தப்பு. தோக்கிறவருக்குப் போட்டாலும் ஓட்டு வீணாகாது"ன்னேன். "நான் சொன்னதும் தப்பு. தோக்கிறவர்தானேன்னு கணக்கு கேட்காம இருந்துட்டேன்"னும் சொன்னேன்.

அவன் யோசிச்சுட்டு, "அப்ப ரெண்டு பேரும் அரியரா?"ன்னான்.

நீங்க கிளியர் பண்ணிடுங்க ஃப்ரெண்ட்ஸ். பிடிச்சவருக்கே போடுங்க, தைரியமாப் போடுங்க. ஆனா, பில்லைப் பார்த்துட்டுப் போடுங்க. அவர் தோத்தாலும் அவர் ஐடியா ஜெயிச்சிடலாம்!