மணி ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

குட்டிகளே, ஒரகடத்தில் ஒரு வீட்டில் மணி என்று ஒரு நாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டாக்ஸ்ஹண்ட் ஜாதி, வயது பத்து, எடை 10 கிலோ. அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது முன்பெல்லாம் தெருமுனைக்கே ஓடும். இப்போது தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறது. கிண்ணம் நிரப்ப நிரப்பக் காலி. ராத்திரி வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விடுகிறது. எவ்வளவு சோறு வைத்தாலும் போதவில்லை. தொந்தி விழுந்துவிட்டது. இரண்டு விலாப் பக்கமும் முடி கொட்டித் தோல் தெரிகிறது. ஆனால் சொறிவதே இல்லை. “வயசாச்சு, வெயில் வேற கொளுத்துது” என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. கத்திரி வெயிலில் எந்த நாய்க்கும் மூச்சு இரைக்கத்தான் செய்யும். அதனால்தான் அளந்து பார்க்க வேண்டும். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கிண்ணத்தில் ஊற்றும்போதெல்லாம் அதிலிருந்தே ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கணக்குப் பாருங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்திருந்தால், மணிக்கு அது ஒரு லிட்டர், வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சர்க்கரை நோயாக இருக்கலாம், சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். குஷிங் நோயாகவும் இருக்கலாம்.

ஹார்வி குஷிங் அமெரிக்காவின் மூளை அறுவை மருத்துவர். இந்த நோயை மனிதர்களிடம் கண்டு 1912-ல் எழுதினார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சின்னஞ்சிறு கட்டிதான் இதற்குக் காரணம் என்று 1932-ல் விளக்கினார். அதே நோய் நாய்களுக்கும் வருகிறது. சொல்லப்போனால், மனிதர்களைவிட நாய்களுக்குத்தான் அதிகம். பெரும்பாலும் வயதான நாய்களுக்கு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? உங்கள் ஊர்க் கம்பெனிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரிதான் ஹெட் ஆபீஸ். சிறுநீரகங்களை ஒட்டி இருக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகள்தான் தொழிற்சாலைகள். அங்கே தயாராவது கார்ட்டிசால் என்னும் ஹார்மோன். ஏசிடிஎச் என்ற இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பி ஹெட் ஆபீஸ் ஆர்டர் கொடுக்கும். கார்ட்டிசால் போதுமான அளவு சேர்ந்ததும், அதுவே ரத்தத்தோடு மூளைக்குப் போய் “ஸ்டாக் இருக்கு, நிறுத்துங்க” என்று தெரிவிக்கும். பிட்யூட்டரியில் கட்டி வந்துவிட்டால் இந்தப் பேச்சு அங்கே எடுபடாது. ஆர்டர் போய்க்கொண்டே இருக்கும். குஷிங் வந்த நாய்களில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை இந்த வகைதான். மற்றவற்றில் அட்ரீனலிலேயே கட்டி இருக்கும். ஆர்டர் வராமலே சரக்கு குவியும். இப்படி மிஞ்சிப்போகும் கார்ட்டிசால்தான் தாகம், பசி, தொந்தி, முடி கொட்டுதல் எல்லாவற்றையும் கொண்டுவருகிறது.

கார்ட்டிசால் கெட்டதல்ல. ஆபத்து வரும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். அது இல்லாவிட்டால் நாய் பிழைக்காது. இதை மறந்துவிடாதீர்கள், மருந்துக் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

முதலில் நோயை உறுதி செய்ய வேண்டும். ஒரு பரிசோதனையில், கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொஞ்சமாக ஊசியில் போட்டு, ஊசிக்கு முன்பும், 4 மணி நேரம் கழித்தும், 8 மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். சரியாக ஒரு ஷிஃப்ட் நேரம்! நல்ல நாய்க்கு, ஸ்டாக் வந்துவிட்டதென்று ஹெட் ஆபீஸ் ஏமாந்து ஆர்டரை நிறுத்தும், கார்ட்டிசால் இறங்கிவிடும். குஷிங் நாய்க்கு 8 மணி நேரமானாலும் அப்படி இறங்கி நிற்காது. வயிற்றை ஸ்கேன் செய்து அட்ரீனலையும் பார்ப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து டாக்டர் பெரிய இடத்துக்குப் போகச் சொன்னால், நெடுஞ்சாலை பிடித்துச் சென்னை வேப்பேரிக்குப் போகலாம். அங்கே இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது.

இனி மருந்து. இன்று டாக்டர்கள் முதலில் நினைப்பது ட்ரைலோஸ்டேன் என்ற கேப்ஸ்யூலைத்தான். கொழுப்பிலிருந்து கார்ட்டிசால் ஒரே தாவலில் உருவாவதில்லை. பல படிகள் உண்டு, ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி வேலை செய்யும். ட்ரைலோஸ்டேன் அதில் ஒரு நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. லைனில் ஒரு மெஷினை ஆஃப் செய்தால் வண்டி வெளியே வராதல்லவா, அப்படி. அதன் வேலை சில மணி நேரம்தான். அதனால் தினமும் கொடுக்க வேண்டும், ஒரு வேளையோ இரண்டு வேளையோ, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. அமெரிக்க மருந்துத் துறை இதை நாய்களுக்காக 2008-ல் அனுமதித்தது.

அதற்கு முன்பு பல வருடங்கள் ஆட்சி செய்தது மைட்டோடேன். அதன் பிறப்பு விசித்திரமானது. கொசு மருந்து டிடிடி தெரியுமா? அதன் நெருங்கிய உறவான ஒரு ரசாயனத்தை நாய்களுக்குக் கொடுத்து, அதில் எவ்வளவு நஞ்சு என்று நெல்சன், வுடார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நாய்களின் அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதி சுருங்கி அழிந்திருந்தது. 1949-ல் அதை எழுதினார்கள். கார்ட்டிசால் தயாராவது அந்த வெளிப்பகுதியில்தான். நஞ்சைத் தேடிப் போனவர்களின் கையில் மருந்து கிடைத்தது! மைட்டோடேன் மெஷினை ஆஃப் செய்வதில்லை, ஷெட்டையே இடிக்கிறது. கொஞ்சம் கூடிப்போனால் திரும்பக் கட்டுவது கஷ்டம். அதனால்தான் ட்ரைலோஸ்டேன் வந்ததும் இது பின்னால் போய்விட்டது.

மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலினையும் அமெரிக்காவில் 1997-ல் நாய்களுக்கு அனுமதித்தார்கள். அது ஹெட் ஆபீஸிடமே பேசிப் பார்க்கிற மருந்து. பல நாய்களிடம் அந்தப் பேச்சு பலிக்கவில்லை. பூஞ்சைக்குத் தருகிற கீட்டோகோனசோலும் கார்ட்டிசாலைக் குறைக்கும், ஆனால் கல்லீரலைப் பதம் பார்க்கும். வேறு வழி இல்லாதபோதுதான் அது.

எந்த மருந்தும் பிட்யூட்டரிக் கட்டியைக் கரைப்பதில்லை. உற்பத்தியை மட்டும்தான் குறைக்கிறது. எவ்வளவு குறைப்பது என்பதில்தான் டாக்டரின் திறமை. ட்ரைலோஸ்டேன் தொடங்கி 10 முதல் 14 நாளில் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு மறுபடியும், மறுபடியும். கார்ட்டிசால் அளவுக்கு மேல் இறங்கினால் நாய் சாப்பிடாது, வாந்தி எடுக்கும், துவண்டு விழும். அப்போது அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கேப்ஸ்யூலை நீங்கள் தொடாதீர்கள், பெரியவர்கள் கொடுக்கட்டும். கர்ப்பிணிகளும் அதைக் கையாளக் கூடாது.

இன்னொரு வழியிலும் இதே தொந்தி, இதே தாகம் வரும். நாய்க்குச் சொறி, உண்ணி, காதில் புண் என்றால் மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். அது பல நேரம் ஸ்டீராய்டு. வெளியிலிருந்தே சரக்கு கொட்டினால் தொழிற்சாலை தூங்கிப்போகும். அந்த நாய்க்குக் குஷிங் மருந்து தேவையில்லை. ஸ்டீராய்டைத்தான் குறைக்க வேண்டும். அதுவும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக. திடீரென்று நிறுத்தினால் தூங்கிய தொழிற்சாலை உடனே எழுந்திருக்காது.

ஆகவே, மணியை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது தண்ணீர்க் கணக்கு எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். கூடவே அதற்கு இதுவரை போட்ட மாத்திரை, களிம்பு, காது சொட்டு மருந்து எல்லாவற்றின் அட்டையையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பெரியவர்கள் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.