சமூகப்பணிக்கும் ஒரு படிப்பா?



"தலைவரே, எம் மவ யுனிவர்சிட்டியில ரசாயனம் படிச்சு முடிச்சிட்டா. ரெண்டு வருஷமா கையுறை ஃபேக்டரியில வேலை, நல்ல சம்பளம். இப்பத் திடீர்னு சமூகப்பணியில மேல்படிப்பு படிக்கப் போறேங்குறா. கோயில்ல சோறு போடுறதுக்கும் ஒரு படிப்பா? நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க."

செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் இப்படிக் கேட்டார். இளம் வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் அவர். அந்த ரப்பரில் செய்த கையுறையை மகள் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறாள். ஒரே தலைமுறையில் இவ்வளவு தூரம் ஏறி வந்த பிள்ளை இறங்கிப் போகிறாளே என்று தாய்க்குப் பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இது ஒரு வீட்டுக் கேள்வியும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் கணக்கியல், விவசாயம், கணினி என்று எதையோ படித்து முடித்துவிட்டு, "என் மனசு இதுல இல்லை" என்று சொல்வதை இப்போது அடிக்கடி கேட்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் மக்களிடம் சமூக சேவை என்றால் மாலை, பொன்னாடை, மேடையில் முதல் வரிசை நாற்காலி, அரிசி மூட்டையோடு ஒரு புகைப்படம். பிள்ளை அதற்காகப் படிக்கப் போகிறாள் என்றுதான் அந்தத் தாய் நினைத்துவிட்டார். சமூகப்பணி வேறு. வைத்தியம் போல, வழக்கறிஞர் வேலை போல அது ஒரு தொழில். அதற்குப் பயிற்சி உண்டு, சம்பளம் உண்டு, கட்டுப்பாடு உண்டு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை விழுந்து ஒரு தொழிலாளிக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு சொக்சோ உதவி உண்டு. சங்கம் பாரம் நிரப்பும், டாக்டர் ரிப்போர்ட் வாங்கும், இழுத்தடித்தால் சண்டை போடும். பணமும் வந்துவிடும். அதற்குப் பிறகு? நேற்று வரை மரத்தை அண்ணாந்து பார்த்துக் குலை தள்ளிய மனுஷன், இன்றைக்குக் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ராத்திரியில் குடி. மனைவிக்கு அடி. மூத்த பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டுக் கார் கழுவப் போகிறான். சின்னவள் வாய் திறந்து பேசுவதையே விட்டுவிட்டாள். இந்த வீட்டுக்குள் நுழைய என்னிடம் பாரம் இல்லை. சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் ஒப்பந்தம் போடலாம். படுத்துக் கிடக்கிறவனின் அவமானத்துக்கு எந்த ஒப்பந்தம் போடுவது?

அங்கேதான் சமூகப்பணியாளர் வருகிறார். அவர் அரிசி கொண்டு வருவதில்லை. கணவனிடம் தனியாக, மனைவியிடம் தனியாக, பிள்ளைகளிடம் தனியாக உட்கார்ந்து பேசுகிறார். ஆஸ்பத்திரியில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு ஏற்பாடு, சமூக நல இலாகாவில் உதவித்தொகைக்கு மனு, பள்ளித் தலைமையாசிரியரிடம் பேச்சு என்று நாலு பக்கமும் ஓடுகிறார். அடி தாங்க முடியாத நிலை என்றால் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இருக்கிறது. எந்த நேரத்தில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பது படிக்காமல் வராது. நல்ல மனசு மட்டும் உள்ள ஒருவர் அந்த வீட்டுக்குப் போனால், "ஏம்பா, புள்ள குட்டிக்காரன் இப்படிச் செய்யலாமா" என்று ஒரு பிரசங்கம் வைத்துவிட்டு வருவார். அன்றைக்கு ராத்திரி அந்த அம்மாவுக்கு இரண்டு அடி கூடுதலாக விழும்.

நம் நாட்டில் சமூக நல இலாகா 1946இல் ஏற்பட்டது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப்பணிப் பிரிவு என்று தனியாக உண்டு. அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தால் நம் கிழவிகள் எப்படிப் பேசுவார்கள், இல்லாதபோது எப்படி ஊமையாய்த் தலையாட்டிவிட்டு வருவார்கள் என்பதை ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டிக்கொண்டு அலைந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ரசாயனம் படித்தவள் இதற்கு மாற முடியுமா? அமெரிக்காவில் ஒரு மனிதர் மாறிய கதையைக் கேளுங்கள்.

விட்னி யங் என்ற கறுப்பினத்தவர், 1921இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். டாக்டராக வேண்டும் என்று ஆசை. அதற்கான அறிவியல் பாடங்களைப் படித்து 1941இல் பட்டமும் வாங்கிவிட்டார். அப்போது உலக யுத்தம். ராணுவத்தில் சேர்ந்தார், அங்கே அவரை மின்பொறியியல் படிக்க அனுப்பினார்கள். பிறகு சாலை போடும் படைப்பிரிவில் போட்டார்கள். மண் வெட்டுகிறவர்கள் எல்லாம் கறுப்பர்கள், அதிகாரிகள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். நம் பெரியவர்களுக்கு இந்தப் படம் புதிதல்ல; பங்களாவில் துரை, லயத்தில் நாம், நடுவில் கிராணியும் மண்டோரும். யங்குக்கும் அந்த நடு இடம்தான் வாய்த்தது. மூன்று வாரத்தில் சார்ஜெண்ட் ஆக்கிவிட்டார்கள். ஆனதும் இரண்டு பக்கமும் அவரை முறைத்தது. அதிகாரிகளுக்கு, இவன் நம் கட்டுக்குள் நிற்பானா என்ற சந்தேகம். ஆட்களுக்கு, இவன் துரை பக்கம் சாய்ந்துவிட்டானோ என்ற சந்தேகம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேசிப் பேசித்தான் வேலையை நடத்தினார். எனக்கு வாய்த்திருப்பது இந்த வேலைதான் என்பது அவருக்கு அங்கேதான் பட்டது.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர் மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகவில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1947இல் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு நகர்ப்புறக் கறுப்பர்களுக்கு வேலை தேடித் தரும் 'அர்பன் லீக்' இயக்கத்தில் சேர்ந்தார். கறுப்பர்களை எடுக்காத முதலாளிகளிடம் போய் உட்கார்ந்து வாதாடுவதுதான் வேலை. 1954இல் அட்லாண்டாவில் சமூகப்பணிக் கல்லூரிக்கே தலைவர். 1961இல் தேசிய அர்பன் லீக்கின் நிர்வாக இயக்குநர். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியை முன்னின்று நடத்திய தலைவர்களில் இவரும் ஒருவர். 1971இல் நைஜீரியாவுக்குப் போன இடத்தில் கடலில் குளிக்கும்போது இறந்துபோனார். வயது ஐம்பதைத் தொடவில்லை. அவர் டாக்டராகியிருந்தாலும் நாலு பேருக்கு நல்லது செய்திருப்பார், அதை நான் மறுக்கவில்லை.

பிரான்சஸ் பெர்கின்ஸ் அம்மையாரும் கல்லூரியில் பௌதிகம் படித்தவர்தான். ஏழைத் தொழிலாளர் நடுவே வேலை செய்ய வந்தார். 1911இல் நியூயார்க் தையல் ஃபேக்டரித் தீயில் 146 தொழிலாளர்கள் மாண்டதை நேரில் பார்த்தார். 1933இல் அமெரிக்காவின் தொழிலமைச்சரானார். 1935இல் அங்கே வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர் பங்கு பெரிது.

இனி நம் பிள்ளைகளுக்கு உள்ள வழிகள்.

மலேசியாவில் சமூகப்பணிப் படிப்பை முதலில் தொடங்கியது பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம், 1975இல். பிறகு மற்ற பல்கலைக்கழகங்களும் தொடங்கின. இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். முதுகலையில் பாட முறை என்று ஒன்று, ஆய்வு முறை என்று ஒன்று. ஆய்வு முறையில் ஒரு பொருளை எடுத்து ஆராய்ந்து ஏடு எழுதிப் பட்டம் வாங்கலாம். ஆனால் வேறு துறையிலிருந்து வருகிற பிள்ளைக்கு வேண்டியது களப்பயிற்சி. அது இல்லாத பட்டத்தை வாங்கிக்கொண்டு, கட்டிலில் கிடக்கிறவனிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கக் கூடாது. பேரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. சமூக அறிவியல் வேறு, சமூகப்பணி வேறு. தனியார் கல்லூரி என்றால் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏஜெண்டின் வாய் வார்த்தை ரசீது ஆகாது.

சிங்கப்பூரில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே சமூகப்பணியில் பட்டமேற்படிப்பு டிப்ளோமா வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. இந்தியாவில் இந்த முதுகலைக்குப் பொதுவாக எந்தத் துறைப் பட்டம் இருந்தாலும் போதும். அமெரிக்காவில் வேறு துறைக்காரர்களுக்கு முழுநேரமாக இரண்டு வருஷம், அதில் குறைந்தது 900 மணி நேரம் களப்பயிற்சி. நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தாலும் ஐந்து மாதத்துக்கு மேல் வருகிறது. களப்பயிற்சிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. இதை முதலிலேயே வீட்டில் பேசிவிட வேண்டும்.

வீட்டில் பேச வேண்டியது இன்னும் இருக்கிறது. ஏற்கெனவே பி.டி.பி.டி.என். கடன் கழுத்தில் கிடக்கும். இரண்டு வருஷச் சம்பளம் போகும். தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்றால் முழுநேரப் படிப்பு எல்லாருக்கும் ஆகாது; பகுதிநேரம் உள்ள இடத்தைத் தேடலாம். ஊழியர் சேமநிதியில் இரண்டாம் கணக்கு என்று நாம் சொல்லி வந்தது 2024இலிருந்து வேறு பேரில் இருக்கிறது. அதிலிருந்து சொந்தப் படிப்புக்கோ பிள்ளையின் உயர்கல்விக்கோ எடுக்க வழி உண்டு. ஆனால் தாய்மார்களே, அது உங்கள் கிழ வயசுக் கஞ்சி. பிள்ளை தன் கணக்கிலிருந்து முதலில் எடுக்கட்டும். உங்கள் கணக்கைத் துடைத்துவிட்டு, பிறகு லயத்தைக் காலி செய்யச் சொல்லும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்காதீர்கள்.

வேறு துறை படித்தது வீண் என்று பிள்ளைகளும் நினைக்க வேண்டாம். கணக்கியல் படித்தவனிடம் வட்டிக்காரன் தாளைக் காட்டினால் ஒரு பார்வையில் மோசடியைச் சொல்லிவிடுவான். ரசாயனம் படித்தவளுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற பெண்களின் கையையும் கண்ணையும் பார்த்தால் என்ன நடக்கிறது என்று புரியும். விட்டுவிட வேண்டியதும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு விடை. இங்கே ஒரே மாதிரிக் குடிகாரன் இரண்டு வீட்டில் இருந்தால் விடை இரண்டு. இன்னொன்று, தோட்டத்துப் பிள்ளைக்கு எல்லாரும் அத்தை, மாமா, சித்தி. கேட்ட கதையை வயிற்றுக்குள் வைத்துக்கொள்வது நம்மிடம் கொஞ்சம் பஞ்சம்தான்! ஒரு வீட்டு ரகசியத்தைப் பெற்ற தாய் கேட்டாலும் சொல்லாத கட்டுப்பாடு இந்தத் தொழிலுக்கு வேண்டும்.

பட்டமே இல்லாதவர்களுக்கும் ஒரு செய்தி. 'ஏப்பெல்' என்ற முறையில், வேலை அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொண்டு உயர்கல்வியில் சேர வழி இருக்கிறது. 30 வயதுக்கு மேற்பட்டு, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவோடு அந்தத் துறையில் அனுபவமும் இருந்து, மதிப்பீட்டுத் தேர்விலும் தேறினால் முதுகலைக்கே மனுச் செய்யலாம். பல வருஷம் சிறார் இல்லத்திலோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் விசாரித்துப் பார்க்கட்டும்.

மனுவோடு, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். "ஏழைகளுக்கு உதவ ஆசை" என்று எழுதினால் அதே வரி இன்னும் நூறு மனுவில் இருக்கும். கண்ணால் கண்டதை எழுது. உன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளியில் எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள், அந்தத் தாயோடு நீ எந்தெந்த ஆபீசுக்குப் போனாய், எங்கே கதவு திறந்தது, எங்கே திறக்கவில்லை என்று எழுது.

பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். அதற்கு உன் வேலையைப் பார்க்காத பிரமுகரின் வாசலில் போய்க் காத்துக் கிடக்காதே. படிப்பைப் பற்றி உன் விரிவுரையாளர் எழுதட்டும். மக்களோடு பழகியதைப் பற்றிப் பார்த்தவர் எழுதட்டும். கிளைச் செயலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மே தின விழாவில், வெள்ள நிவாரணத்தில், பிள்ளைகளின் மாலை வகுப்பில் உங்களோடு நின்று வேலை செய்த பிள்ளை கடிதம் கேட்டு வந்தால், அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். கமிட்டி கூடித் தீர்மானம் போடும்வரை வைத்திருந்தால் மனுச் செய்யும் தேதி போய்விடும்.