படகில் மீண்டும் ஏறும் வழி

கடலில் தவறி விழுந்தவனுக்கு நீந்தத் தெரிந்திருந்தால் போதும், அவன் பிழைத்துக் கொள்வான் என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதியே உண்மை. நீரின்மேல் மிதந்து நிற்பது ஒரு காரியம். நீரை விட்டு எழுந்து படகினுள் ஏறுவது முற்றிலும் வேறான காரியம். நன்றாக நீந்தக் கூடியவரும் படகின் விளிம்பைப் பற்றியபடியே ஏற மாட்டாது கை சோர்ந்து போவதுண்டு. ஆகையால் சிறு படகுகளில் ஏணி எங்கே இருக்க வேண்டும், எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அறிந்து வைத்தல் நலம்.

பம்பாயில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தி அன்று. மாதுங்காவிலோ, செம்பூரிலோ, தாராவியிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள், ஊரிலிருந்து வந்த உறவினரை இந்தியா வாயிலுக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து படகேறி எலிபெண்டாக் குகைகளைக் காட்டி வராதவை சிலவே. ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் வழி அது. பாய்மரப் படகிலும் விசைப் படகிலும் உல்லாசமாக உலவி வருவோரும் இன்று பெருகி வருகின்றனர்.

நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தில் ஏணி என்ற பேச்சே எழுவதில்லை. அதன் மரங்கள் நீர்மட்டத்தை ஒட்டியே மிதப்பதால், அலை தள்ளிய மீனவர் எப்பக்கத்திலிருந்தும் மார்பைச் சாய்த்து மேலே ஊர்ந்து விடுவார். உல்லாசப் படகோ அவ்வாறன்று. அதன் பக்கம் நீருக்கு மேல் இரண்டு மூன்று அடி உயர்ந்து நிற்கும். உள்ளே இருப்பவர்க்கு அது முழங்கால் அளவு. நீரில் இருப்பவர்க்கோ தலைக்குமேல் எழுந்த சுவர்.

இதன் காரணம் யாதெனில், நீரினுள் நம் உடலின் பாரத்தை நீரே தாங்குகிறது. அறுபது கிலோ எடையுள்ளவரும் அங்கே எடையற்றவர் போல மிதக்கிறார். மேலெழத் தொடங்கியதும் அப்பாரம் முழுவதும் திரும்ப வந்து சேர்கிறது. போதாக்குறைக்கு, துணி குடித்த நீரும் அப்போதுதான் சுமையாகிறது. புடவையும் வேட்டியும் கால்களைச் சுற்றிக் கட்டிப் போடுகின்றன. காலூன்ற இடமின்றி இவ்வளவையும் இரு கைகளால் மட்டும் தூக்க எத்தனை பேரால் இயலும்? ஏணியின் பயன் இங்குதான். கையின் வேலையை அது காலுக்கு மாற்றித் தருகிறது.

அவ்வாறாயின், ஏணியின் கீழ்ப்படி நீருக்குள் நன்றாக இறங்கியிருத்தல் வேண்டும். நீர்மட்டத்தோடு நின்றுவிடும் ஏணியில் காலை வைக்க, நீரில் இருப்பவர் முழங்காலை மார்பு வரை உயர்த்த நேரும். களைத்தவரால் அது ஆகாது. குறைந்தது ஓரடியேனும் நீருள் ஆழ்ந்திருக்க வேண்டும். இரண்டடி ஆழ்ந்தால் இன்னும் நன்று. கயிற்றேணியில் ஒரு குறை உண்டு. காலை வைத்ததும் அது படகின் அடிப்புறம் நோக்கி ஓடிவிடும். ஏறுபவர் மல்லாந்து தொங்குவார். ஆகவே விறைப்பான உலோக ஏணியே சிறந்தது. ஏணியின் தலைப்பில் பற்றிக் கொள்ள உறுதியான கைப்பிடியும் வேண்டும்.

மற்றொன்று இவை எல்லாவற்றினும் முக்கியமானது. ஏணியை நீரில் இருப்பவரே இழுத்து இறக்கும்படி அமைத்தல் வேண்டும். தனியே படகோட்டியவர் விழுந்துவிட்டால், மேலே மடித்துக் கட்டிவைத்த ஏணி அவருக்கு எட்டாக் கனியே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு உல்லாசப் படகு விதிகள், மீண்டும் ஏறுவதற்கான சாதனம் பிறர் உதவியின்றி நீரிலிருப்பவருக்கு எட்டுவதாகவோ, அவரே இறக்கக் கூடியதாகவோ இருக்க வேண்டும் என்று வரையறுத்துள்ளன.

இனி ஏணியின் இடத்தைக் கருதுவோம். மீனவர் அமரம் என்றழைக்கும் பின்புறம் ஓரிடம். படகின் நடுப்பக்கம் மற்றோரிடம். மிகச் சிறிய படகில் பக்கவாட்டில் ஒருவர் தொங்கினால் படகே சாயும். ஆகவே அதற்குப் பின்புறமே ஏற்றது. ஆனால் அலை மிகுந்த வேளையில் பின்புறம் தூக்கித் தூக்கி அடிக்கும். கீழே இருப்பவரின் தலையில் மோதவும் கூடும். சற்றுப் பெரிய படகில் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், காற்றுக்கு மறைவான பக்கத்தில் ஏறுவதே மேல்.

பின்புறத்தில் வேறிரு அபாயங்களும் உள. ஒன்று, இயந்திரத்தின் சுழல் விசிறி. ஏணியை அதனின்று விலகிய ஓரத்தில் பொருத்துதல் வேண்டும். ஆள் நெருங்குமுன் இயந்திரத்தை அறவே நிறுத்துதலும் வேண்டும். விசையை விலக்கி வைத்தோம் என்று ஓடவிட்டிருத்தல் தகாது. கைதவறி ஒரு நெம்புகோல் நகர்ந்தால் விசிறி சுழலத் தொடங்கும். மற்றொன்று, இயந்திரப் புகையிலுள்ள கரியோரகை என்னும் நச்சுவாயு. மணமும் நிறமும் அற்ற அது பின்புறத்தில் தேங்கி நின்று, அங்கே நீந்துவோரை மயக்கமுறச் செய்யும்.

ஒருவர் விழுந்தவுடன் அனைவரும் அப்பக்கம் ஓடிச் சேர்வது இயல்பு, அதுவே பெருங்கேடு. 1947ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், பம்பாயிலிருந்து ரேவஸ் நோக்கிச் சென்ற ராமதாஸ் என்னும் பயணக் கப்பல் மழைக்காலக் கொந்தளிப்பில் சாய்ந்து மூழ்கியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் அக்கப்பல் சாய்ந்ததற்கு ஒரு காரணம் என்று கூறப்படுகிறது. கப்பலுக்கே அந்நிலை என்றால் சிறு படகைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவர் இருவர் கைகொடுக்க, ஏனையோர் எதிர்ப்பக்கம் அமர்ந்திருத்தலே உதவி.

ஏணியே இல்லாவிடில் என் செய்வது? உறுதியான கயிறொன்றை மேலே கட்டி, அதன் மறுமுனையில் கால் நுழையும் அளவு வளையமிட்டு நீருள் தொங்க விடலாம். அதுவே ஒற்றைப் படியாகும். படகு கவிழ்ந்து மிதக்குமாயின் அதனை விட்டுக் கரை நோக்கி நீந்தலாகாது. பம்பாய்த் துறைமுகத்தில் ஏற்றவற்றம் சில நாட்களில் பதினைந்து அடியையும் எட்டும். அந்நீரோட்டத்தை எதிர்த்து நீந்துதல் எளிதன்று. மேலும், தனித் தலையைவிடப் படகே தேடுவோர் கண்ணுக்குப் புலப்படும்.

ஏணி எத்துணை நன்றாயினும், உதவி வரும்வரை மிதந்து நிற்பவருக்கே அது பயன்படும். 2024 டிசம்பர் 18ஆம் நாள், எலிபெண்டா நோக்கிச் சென்ற நீல்கமல் படகின்மீது, இயந்திரச் சோதனையிலிருந்த கடற்படை விசைப்படகு கட்டுப்பாடிழந்து மோதியது. நூற்றுக்கு மேற்பட்டோர் அப்போது கடலில் தத்தளித்தனர். பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. பயணிகளிற் பலர் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. அதன் பின்னரே இந்தியா வாயிலில் அச்சட்டையை அணிவது கட்டாயமாக்கப்பட்டது.

எனவே அடுத்த முறை படகேறும்போது, மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி அணிவோம். குழந்தைகட்கு அவர்கள் அளவுக்கேற்றதைக் கேட்போம். ஏணி எங்குள்ளது, அதனை எவ்வாறு இறக்குவது என்று படகோட்டியை வினவுவோம். கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை. விடை சொல்ல அவருக்கு ஆவது அரை நிமிடம்; விழுந்த பின் அதனைத் தேடிக் காண நமக்கு அவ்வளவு நேரமும் கிடைக்காமற் போகலாம்.